பிரியாணிக்கு எந்த விறகு, வெந்நீருக்கு எந்த விறகு? எல்லாவற்றுக்கும் சீமைக்கருவேலம் போதுமா?

பந்திக்கரண்டி:

வணக்கம். நத்தம் பக்கம் சமையல் ஆர்டர் எடுக்கிறோம். 100 பேர் முதல் 400 பேர் வரை. பெரிய பாத்திரங்களை கேஸிலிருந்து விறகுக்கு மாற்றப் போகிறோம். செங்கல் கட்டி மண் பூசிய கோட்டை அடுப்பு நான்கு, ஒரு பரோட்டாக் கல், 100 லிட்டர் வெந்நீர் பாய்லர், கறி சுட ஓர் இரும்புத் தொட்டி. இவ்வளவுதான் அமைப்பு.

இந்தப் பக்கம் கிடைக்கிற விறகு: சீமைக்கருவேலம், புளி, சவுக்கு, வேம்பு, மா, தைலமரம், அப்புறம் தென்னை மட்டை, சிரட்டை. இருப்பதில் சீமைக்கருவேலம்தான் சல்லிசு. எல்லா அடுப்புக்கும் அதையே இறக்கிவிடலாமா? பிரியாணிக்குப் புளியங்கட்டைதான் வேண்டும் என்கிறார்கள்; அதில் விஷயம் இருக்கிறதா, சும்மா பழக்கமா? வேம்பில் சமைத்தால் சோறு கசக்குமா? எடை போட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைஅடுப்பு:

ஒரே மரமா இறக்கலாம் தம்பி, ஒரே தடிமனா இறக்கிடாதீங்க. பாதிப் பேர் தப்பு பண்றது அங்கதான். மரத்தோட பேரைவிட, அது சுவாலையா எரியுதா, கங்கா நிக்குதாங்கறதுதான் சமையலுக்குக் கணக்கு. உலை கொதிக்கணும்னா சுவாலை வேணும். தம்முக்குக் கங்கு வேணும். பால், பாயசம் மாதிரி பதம் பார்த்து இறக்கறதுக்கு, இழுத்த உடனே அடங்கற தீ வேணும். இந்த மூணையும் ஒரே கட்டையில எதிர்பார்த்தா ஒண்ணு அடிப்பிடிக்கும், இல்லேன்னா வேகாது.

சுவாலைக்குச் சவுக்கை அடிச்சுக்க ஆளில்லை. நேரான கட்டை, கோடாலி வச்சா நூல் பிடிச்ச மாதிரி பிளக்கும், அரை ஈரத்துலகூட பிடிச்சுக்கும். மணிக்கட்டு தடிமன், அதாவது ரெண்டு அங்குலத்துக்கு மேல போகாம வச்சுக்கிட்டா சோத்து உலைக்கும் இட்லி அண்டாவுக்கும் அதுதான் சரி. நல்ல சவுக்கெல்லாம் காகித ஆலைக்கும் கட்டட சாரத்துக்கும் போயிடுது, விறகுக்கு வர்றது நுனியும் கோணலும்தான். பரவாயில்லை, எரிக்க அது போதும்.

பரோட்டாக் கல்லுக்கும் அதே சவுக்குக் குச்சிதான், இல்லேன்னா கட்டைவிரல் தடிமன்ல காஞ்ச சீமைக்கருவேலக் கிளை. கல்லுக்குத் தீ பரவலா நிக்கணும். தடிக் கட்டையை உள்ள தள்ளினா நடுக்கல்லு கருகும், ஓரத்துல போட்டது மாவா நிக்கும். ரெண்டு ரெண்டு குச்சியா, எரிஞ்சு முடியறதுக்கு முன்னாடி அடுத்ததை வைக்கணும். மொத்தமா அள்ளிப் போட்டா முதல்ல கல்லு குளிரும், அப்புறம் எகிறும்.

புளியில விஷயம் இருக்கு. கனத்த மரம், கங்கு சட்டுனு சாம்பலாகாது. மாங்கட்டையில கங்கு எடுத்து மூடி மேல போட்டுப் பாருங்க, தம் முடியறதுக்குள்ள வெள்ளைச் சாம்பலாப் போயிருக்கும். ஆனா புளி பண்ற வேலையை நாட்டுக்கருவேலமும் சீமைக்கருவேலமும் அப்படியே பண்ணும். ருசியில வித்தியாசம் வரும்னு சொல்றது, மூடி போட்டு மைதா ஒட்டி தம் கட்டற பாத்திரத்துக்குப் பொருந்தாது. உள்ள புகை போறதுக்கே வழி இல்லையே. கங்கு நிக்கணும், அவ்வளவுதான்.

புளியோட தொல்லை பிளக்கறதுல. நார் முறுக்கிப் பின்னிக்கிட்டு இருக்கும், நடுவுல ஆப்பு வச்சா ஆப்புதான் மாட்டிக்கும். வெட்டின ரெண்டு வாரத்துக்குள்ள, ஈரம் இருக்கும்போதே, ஓரத்துலேருந்து பாளம் பாளமா சீவிக்கிட்டு வாங்க. நடுவுல இருக்கற வைரம் பாஞ்ச கட்டையைக் கடைசியா எடுத்துக்கலாம். காஞ்ச புளியைப் பிளக்கற கூலியில பாதி விறகே வாங்கிடலாம்.

தம் போடற முறையையும் சொல்லிடறேன், விறகு தேர்வு அங்கதான் தெரியும். அரிசி முக்கால் பதத்துக்கு மேல வெந்து தண்ணி சுண்டற வரைக்கும் சவுக்கு எரியட்டும். தம்முக்கு அரை மணி நேரம் முன்னாடியே பக்கத்து அடுப்புல மூணு, நாலு அங்குல கருவேலங்கட்டையைப் போட்டுக் கங்கு பழுக்க விட்டுடணும். தம் போடறப்போ எரியற கொள்ளியை எல்லாம் வெளிய இழுத்துடணும். அடியில ஒரு அங்குலத்துக்குக் கங்கு, அதுவும் நடுவுல குவிக்காம ஓரமாப் பரத்தி. மூடி மேல அதைவிடக் கூடுதலாப் போடலாம். 25 லேருந்து 30 நிமிஷம். அடிப்பிடிக்கற பிரியாணியில பெரும்பாலும் கோளாறு அரிசியில இல்லை. கருவேலங் கங்கோட சூடு தெரியாம அடியில அள்ளிக் குவிச்சதுதான்.

ஈரம்பார்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மரத்தின் பெயர் இல்லை, அதற்குள் இருக்கும் தண்ணீர் எவ்வளவு என்பது.

முழுக்கக் காய்ந்த மரம் எந்த இனமானாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 4,400 கிலோ கலோரி தரும். இனத்துக்கு இனம் சில நூறு கூடும், குறையும். புளியும் முருங்கையும் எடைக்கு எடை கிட்டத்தட்ட சமம் என்றால் நம்பமாட்டார்கள், வித்தியாசம் அடர்த்தியில்தான். காய்ந்த புளி, சவுக்கு, கருவேலம் கன அடிக்கு 20 முதல் 25 கிலோ இருக்கும். மா 17 பக்கம். முருங்கை 10 கிலோகூடத் தேறாது. அதனால் முருங்கை அடுப்பில் போட்டதும் பஞ்சு மாதிரி பொங்கி எரிந்து போய்விடுகிறது; நிமிடத்துக்கு ஒரு கட்டை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈரம் அப்படி இல்லை, அது நேராகக் காசைத் தின்னும். எடையில் 20 சதவீதம் தண்ணீர் இருந்தால் கிலோவுக்கு 3,400 கிலோ கலோரிதான் கிடைக்கும். 50 சதவீதம் என்றால் 1,900. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் அதே விறகுதான் எரிய வேண்டும். சூடு குறைவது மட்டுமில்லை. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகத்தான் வெளியேறும். சுவாலை என்று நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். ஈரத்தால் அடுப்பின் சூடு இறங்கினால் அந்த வாயு எரியாமலே புகையாக, தாராகப் போய்ப் பாத்திரத்தின் அடியிலும் புகைபோக்கியிலும் கரிப்பிசினாக ஒட்டும். அதைச் சுரண்டாமல் விட்டால் ஒருநாள் புகைபோக்கியே தீப்பிடிக்கும்.

எடை மேடைக் கணக்கு: 45 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ வாங்கினால் அதில் மரம் 550 கிலோதான். அதை 15 சதவீதத்துக்குக் காய வைத்தால் கையில் நிற்பது 647 கிலோ. ஆக, டன் விலையை ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகப் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான விலை. 25 சதவீத ஈரத்தில் வருவது காய்ந்தால் 882 கிலோ நிற்கும். ‘டன்னுக்கு இருநூறு கம்மி’ என்று பச்சை விறகை வாங்குகிறவர்கள் எப்போதும் நஷ்டத்தில்தான் வாங்குகிறார்கள்.

ஈரம் பார்க்க மீட்டர் வாங்கலாம், ஆனால் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். அப்போதுதான் பிளந்த உட்புறத்தில் குத்த வேண்டும். இன்னொன்று, பெரும்பாலான மீட்டர்கள் காய்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்துக் காட்டும். அதில் 25 என்று வந்தால் நான் மேலே சொன்ன கணக்கில் 20. மீட்டர் இல்லாவிட்டால், கட்டையின் நடுவிலிருந்து 100 கிராம் சிராய் எடுத்து, தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில், கருகாமல், எடை இறங்குவது நிற்கும்வரை வறுத்து எடை போடுங்கள். 80 கிராம் நின்றால் ஈரம் 20 சதவீதம். லாரியிலேயே பார்க்க எளிய வழி: இரண்டு பிளவுகளை மோதினால் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும், ‘தொப்’ என்றால் ஈரம். நுனியில் நட்சத்திர வெடிப்பு இருக்கிறதா, பட்டை கையால் உரிகிறதா என்றும் பாருங்கள். வெடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் நின்ற தடிக் கட்டையில் நுனி வெடித்திருக்கும், ஒரு சாண் உள்ளே பச்சையாகவே இருக்கும்.

காய வைக்கும்போது தரையில் கொட்டிக் குவிக்காதீர்கள். செங்கல் மேல் இரண்டு கம்பம் போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். பக்கம் நான்கும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் சுற்றிலும் மூடுவது ஊறுகாய் போடுகிற வேலை. மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பிளந்த விறகு மாசி முதல் சித்திரை வரையிலான வெயிலில் ஆறு முதல் எட்டு வாரத்தில் தயாராகிவிடும். பிளக்காமல் பட்டையோடு கிடக்கும் உருட்டுக்கட்டைக்கு ஆறு மாதம்கூடப் போதாது. ஐப்பசி, கார்த்திகைக்கு வேண்டிய விறகு வைகாசிக்குள் அடுக்கில் ஏறியிருக்க வேண்டும்.

கேஸிலிருந்து மாறுவதால் இன்னொரு கணக்கு. 19 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குள் சேர்க்கும் சூடு, பர்னர் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், சுமார் 1,23,000 கிலோ கலோரி. நாலு பக்கமும் திறந்த அடுப்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சூடுதான் பாத்திரத்துக்குப் போகும். அப்போது ஒரு சிலிண்டருக்குப் பதில் காய்ந்த விறகு 300 கிலோ வேண்டும். அடியில் இரும்புக் கிராதி வைத்து, காற்று கீழிருந்து ஏறும்படி கட்டி, பாத்திரத்துக்குப் போகும் சூட்டை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 180 கிலோ. மரத்தை மாற்றிச் சேமிப்பதைவிட அடுப்பை மாற்றிச் சேமிப்பது அதிகம்.

பனங்காடி:

ஈரம்பார் அண்ணன் கணக்கு சரி. கூட ஒண்ணு. கனத்த விறகுதான் உசத்தின்னு எல்லாத்துக்கும் நினைச்சிராதீங்க. கருப்பட்டி காய்ச்சற இடத்துல போய்ப் பாத்தா, பனமட்டை, ஓலை, உடைங்கற முள்மரத்துக் குச்சிதான் எரியும். பதனி கொதிச்சு சுண்டற வரைக்கும் தீ நிறுத்தாம வேணும், ஆனா கூப்பனி, அதாவது சுண்டின பதனிப் பாகு, திரண்டு பதம் வந்ததும் அந்த நிமிஷமே தீ அடங்கணும். தடிக் கட்டை போட்டிருந்தா கொள்ளியை இழுத்தாலும் கங்கு அடியில கெடந்து சுட்டுக்கிட்டே இருக்கும், பாகு முறுகிக் கசந்துரும்.

பந்திப் பாயசம், பால் சுண்டறது, பாகு காய்ச்சறது எல்லாத்துக்கும் இதே கதைதான். தென்னமட்டை, மாங்குச்சி, சவுக்கு நுனின்னு லேசான விறகா வையுங்க. மைசூர்பாகுக்கு மட்டும் நான் கேஸைத்தான் சொல்லுவேன், அதுல வம்பு வேண்டாம்.

தென்னமட்டை பத்தி: பத்த வைக்க நல்லாருக்கும், ஆனா சாம்பல் ஜாஸ்தி, கிராதியை அடைக்கும். மட்டையோட அடித்தண்டு மழையில நனைஞ்சா பஞ்சு மாதிரி தண்ணி குடிச்சுக்கும். அதை நெடுக்க நாலாக் கீறிக் காய வைங்க. சிரட்டை நல்ல சூடு, விறகைவிட ஒரு கை கூடத்தான். ஆனா மொத்தமாப் போட்டா கரும்புகை தள்ளும். அஞ்சாறா, குழிஞ்ச பக்கம் கீழ பாக்க வையுங்க.

கரிமூட்டம்:

இரும்புத் தொட்டியில் கறி சுட விறகு வேண்டாம், கரி வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலக் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, அதுவே போதும். அமெரிக்காவில் மெஸ்கிட் என்று காசு கொடுத்து வாங்கிக் கறி வாட்டுகிறார்களே, அதுவும் நம் ஊர் சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரம்தான்.

கரியில் தூர்க்கரி, கட்டைக்கரி, குச்சிக்கரி என்று தரம் பிரிப்பார்கள். வேர்த்தூரில் எடுத்தது கனமாக, நின்று எரியும். குச்சிக்கரி சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். சுடுவதற்குக் கட்டைக்கரி, பிடிக்க வைக்க இரண்டு கை குச்சிக்கரி. நல்ல கரியை உடைத்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பான முகம் தெரியும், தட்டினால் சில்லென்று ஒலிக்கும். உள்ளே காப்பி நிறத்தில் மரமாகவே இருந்தால் மூட்டம் (விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்கும் குவியல்) அவசரத்தில் பிரித்தது. அது புகையும், கறியில் தார் வாடை ஏறும். மூட்டையின் அடியைக் கொட்டிப் பாருங்கள். தூளும் மண்ணும் அங்கேதான் இருக்கும்.

ஏன் எல்லா அடுப்புக்கும் கரியே கூடாது என்று யாராவது கேட்பார்கள். மூட்டத்தில் சுமார் நான்கு கிலோ விறகு போனால் ஒரு கிலோ கரி வரும். நான்கு கிலோ விறகில் 13,600 கிலோ கலோரி இருந்தது. ஒரு கிலோ கரியில் இருப்பது ஏறக்குறைய 7,000. பாதிச் சூடு மூட்டத்தின் புகையோடு போய்விட்டது. புகை கூடாத இடத்துக்கு மட்டும்தான் இந்த விலை கொடுக்கலாம்: சுடுவது, தந்தூர், இஸ்திரிப் பெட்டி.

எச்சரிக்கை இரண்டு. மூட்டத்திலிருந்து புதிதாகப் பிரித்த கரியை உடனே கொட்டகைக்குள் அடுக்காதீர்கள். ஒருநாளாவது வெளியில் பரப்பிக் கிடக்கட்டும், அணைந்தது போலிருந்து தானாகப் பற்றும். மூடிய அறையில் கரி எரிக்கவே கூடாது. புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. மழைக்காகத் தொட்டியைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவது உயிரோடு விளையாடுவது.

கோட்டைஅடுப்பு:

வேம்பு கேட்டிருந்தீங்க, விட்டுப்போச்சு. மூடின பாத்திரத்துல சோறு கசக்காது. ஆனா புகை கண்ணைக் கரிக்கும், நெடி அதிகம், ஆக்கறவங்க நிக்கமாட்டாங்க. அதோட அம்மன் மரம்னு பல வீட்டுல விசேஷச் சமையலுக்கு வேம்பைத் தொடவிடமாட்டாங்க; ஆர்டர் எடுக்கறவங்க அதை மதிக்கறதுதான் நல்லது. பாய்லருக்கு வச்சுக்கங்க. மா, தைலமரம் எல்லாமே பாய்லருக்குத் தாராளம். தைலமரத்தைப் பச்சையிலேயே பிளந்துடுங்க, காஞ்சா முறுக்கிக்கும். அதுல கறி சுடாதீங்க, தைல வாடை கறியில ஏறும்.

பாய்லர் விறகைக் கணக்குப் பண்ணிக்கங்க: 100 லிட்டரை 30 டிகிரியிலேருந்து 80க்குக் கொண்டுபோக 5,000 கிலோ கலோரி. நடுவுல குழாய் போற பாய்லர்னா 30 சதவீதம் கிடைக்கும்னு வச்சுக்கிட்டா அஞ்சு கிலோ காஞ்ச விறகு. அதையே திறந்த அடுப்புல அண்டா வச்சுக் காச்சினா பன்னெண்டு கிலோ.

எரிக்கவே கூடாதது: அரளி, தில்லை, சேராங்கொட்டை, கள்ளி வகை. அரளி புகையே விஷம், குச்சியில கறி கோத்துச் சுடறதும் கூடாது. மத்ததோட பாலும் புகையும் கண்ணையும் தோலையும் பதம் பார்த்துடும். முந்திரிக் கட்டை எரிக்கலாம், முந்திரிக் கொட்டை ஓடு மட்டும் சமையலடுப்புப் பக்கமே வேண்டாம், அதுல இருக்கற எண்ணெய் புகையாகி தோலை அரிச்சுடும். மூங்கிலை முழுசாப் போட்டா கணுவுக்குக் கணு அடைபட்ட காத்து சூடாகிப் பட்டாசு மாதிரி வெடிக்கும், பிளந்துதான் போடணும்.

பந்திக்கரண்டி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு டன் சீமைக்கருவேலம், அரை டன் சவுக்கு இறக்கியாச்சு. இப்போது மூன்று சந்தேகம்.

1. சீமைக்கருவேல அடுக்குக்குக் கீழே மஞ்சள் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கிறது, கட்டையில் குண்டூசித் துளைகள். ஏமாந்துவிட்டோமா?

2. சோறு சரி, பிரியாணி சரி. சாம்பாரில் மட்டும் புகை வாடை வருகிறது. விறகு மோதினால் ‘டங்’ என்றுதான் கேட்கிறது.

3. பக்கத்துத் தொழிற்பேட்டையில் இயந்திரம் வந்த பேக்கிங் பெட்டி மரம் சும்மாவே தருகிறார்கள். எரிக்கலாமா?

ஈரம்பார்:

முதலாவது, ஏமாறவில்லை. உளுப்பூச்சி அது. சீமைக்கருவேலத்தின் வெளிப்புற வெள்ளைக்கட்டையில் மாவுச்சத்து இருப்பதால் வெட்டிய சில மாதங்களிலேயே வந்துவிடும். உள்ளே சிவந்த வைரத்தில் அவ்வளவாக ஏறாது. மாவாகக் கொட்டியது அத்தனையும் போன எடைதான், மற்றபடி மீதிக் கட்டை எப்போதும் போல எரியும். பட்டையை உரித்துவிட்டால் பாதி குறையும். இந்த விறகை ஒரு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள், பழையதை முன்னால் எடுக்கும்படி அடுக்குங்கள். கொட்டகைக் கூரையின் மரச்சட்டத்தை ஒட்டி அடுக்கக் கூடாது. பூச்சி அங்கே குடியேறும். விறகுக்கு மருந்து அடிப்பதோ, சமையலடுப்பில் போகும் கட்டை என்பதால், நினைக்கவே கூடாது.

மூன்றாவது, மரத்தில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் ‘ஹெச்.டி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் சூட்டில் மட்டும் பதப்படுத்தியது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு காட்டியது, தொடாதீர்கள். முத்திரை இல்லாதது, சாயம் பூசியது, பிளைவுட், எண்ணெய்க்கறை படிந்தது எதுவும் வேண்டாம். ‘ஹெச்.டி.’ பலகைகூட ஊசியிலை மரமாக இருந்தால் பிசினோடு பொறி தெறிக்கும்; பாய்லருக்குப் போகட்டும். ஆணியைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள், சாம்பலில் கிடந்து காலில் ஏறும்.

கோட்டைஅடுப்பு:

சாம்பார் வாடைக்குக் காரணம் மரம் இல்லை தம்பி, அடுப்பு. சோறும் பிரியாணியும் மூடிக்கிடக்கு, சாம்பார் திறந்து கொதிக்குது. அடுப்போட மேல்விளிம்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்கு? ரெண்டு விரல் தாண்டினா சுவாலை பக்கவாட்டுல வெளிய வந்து, விளிம்பைச் சுத்தி ஏறி, பாத்திரத்துக்குள்ளயே மடங்கும். பாத்திரம் சின்னது, அது உக்கார்ற மேல்வாய் பெரிசுன்னா இது கட்டாயம் வரும். 400 பேர் அண்டாவுக்குக் கட்டின அடுப்புல 100 பேர் சாம்பார் வச்சிருப்பீங்க.

ஆக்கறவர் நிக்கற பக்கம் சந்தை ஈரமண் வச்சு அடைச்சுடுங்க, பின்பக்கம் மட்டும் ஒரு விரற்கடை விடுங்க. முழுக்க அடைச்சா தீ மூச்சுத்திணறும், வாய் வழியாத் திருப்பிப் புகையும். புகைபோக்கி வைக்க முடிஞ்சா பின்பக்கச் சந்தை அதோட சேர்த்துடலாம். கூரைக்கு மேல ரெண்டு அடியாவது நீட்டணும்.

அடுத்து, விறகு தள்ளற அடுப்பு வாயைப் பாதிக்கு மேல விறகால அடைக்காதீங்க. கட்டைக்கு அடியில காத்து போற வழி தெரியணும். சீமைக்கருவேலத்துல மூணு அங்குலக் கட்டை நாலைஞ்சை ஒண்ணா உள்ள தள்ளினா, என்னதான் காஞ்சிருந்தாலும் வாயு கிளம்பற வேகத்துக்குக் காத்து பத்தாது, கரும்புகைதான். ரெண்டு கட்டை உள்ள, ஒண்ணு வாசல்ல சூடேறிக்கிட்டு. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற முனையில நுரை தள்ளினா அந்தக் கட்டை இன்னும் ஈரம், எடுத்துத் தனியா வச்சுடுங்க, மோதினப்போ என்ன சத்தம் கேட்டாலும் சரி.

பனங்காடி:

சாம்பாருக்குப் பருப்பு வேகற வரைக்கும் மூடி வச்சே வேக விடுங்க. புளி கரைச்சு ஊத்தறப்போ கொள்ளியைப் பாதி வெளிய இழுத்திருங்க, கங்கிலேயே கொதிக்கட்டும். இழுத்த கொள்ளியைத் தண்ணி ஊத்தி அணைக்காதீங்க, அந்த ஆவி சாம்பலோட கிளம்பி நேராக் குழம்புலதான் விழும். பக்கத்துல ஒரு மண்ணுத் தொட்டி வச்சு அதுல செருகிட்டாப் போதும். காத்தில்லாம அணைஞ்சிரும், மறுநாள் பத்த வைக்க அந்தக் கரிமுனைதான் முதல்ல பிடிக்கும்.